தெர்மாகோல்: நண்பனா? பகைவனா?

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருக்கிறது சிறுசேரி. ஒரு காலத்தில் சிறிய கிராமம். இன்று அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் உள்ள நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் அடுக்குமாடி வீடுகளாகி விட்டன.

புது வீடு என்றால் புதுச் சாமான்கள் வரும். டெலிவிஷன் வரும். குளிர்சாதனப் பெட்டி வரும். துணி துவைக்கும் இயந்திரம் வரும்.

ஒவ்வொரு சாமானுடனும் அழையாத விருந்தாளி ஒன்று வருகிறது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். தூக்கினால் எடையே தெரியாது. அதுதான் தெர்மாகோல்!

சாமான் வீட்டுக்குள் போகிறது. தெர்மாகோல் வெளியே போகிறது.

வெளியே என்றால் எங்கே? இதுதான் கேள்வி.

வாங்க ஆள் இல்லை

பழைய பேப்பரை எடைக்குப் போடலாம். இரும்பைப் போடலாம். காலி பாட்டிலைப் போடலாம். பிளாஸ்டிக் குடத்தைக் கூட பழைய சாமான் கடைக்காரர் வாங்கிக் கொள்வார். தெர்மாகோலை நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டுவார்.

அது கடைசியில் காலி மனைக்குப் போகிறது. அங்கே சிலர் அதற்குத் தீ வைக்கிறார்கள். கறுப்புப் புகை எழும்புகிறது. எரியாமல் கிடப்பது மழை வந்தால் மிதக்கிறது. மிதப்பது வாய்க்காலுக்குப் போகிறது. இந்தப் பக்கத்து மழைத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, முட்டுக்காடு அருகே கடலில் சேருகிறது. தண்ணீர் போகும் வழியிலே தெர்மாகோலும் போகிறது.

பழைய சாமான் கடைக்காரர் ஏன் இதை மட்டும் வேண்டாம் என்கிறார்? அவர் மேல் தப்பு இல்லை. காரணம் தெர்மாகோலின் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்த வயிற்றைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

98 பங்கு காற்று

ஒரு தெர்மாகோல் துண்டில் இருப்பது என்ன? நூற்றுக்கு 98 பங்கு காற்று. மீதி 2 பங்குதான் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். தெர்மாகோல் என்பது ஒரு வியாபாரப் பெயர். அதுவே நம் ஊரில் பொருளின் பெயராக நிலைத்து விட்டது.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் எடை 1,000 கிலோ. அதே அளவு தெர்மாகோல் சுமார் 20 கிலோதான்!

இப்போது கடைக்காரரின் கணக்கைப் பாருங்கள். 40 கன மீட்டர் கொள்ளும் பெரிய லாரி ஒன்றில் தெர்மாகோலை அடைக்கிறார். லாரி நிறைந்து விடும். எடை 800 கிலோதான் இருக்கும். டீசல் செலவு லாரிக்கு. கூலி ஆளுக்கு. சரக்கோ காற்று! காற்றை ஏற்றிக்கொண்டு போய் யார் லாபம் சம்பாதிக்க முடியும்?

எது தெர்மாகோலுக்குப் பெருமையோ, அதுவே அதற்குக் குறையும் ஆகி விட்டது.

பொரியும் இட்லியும்

தெர்மாகோல் எப்படி உண்டாகிறது? இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுச் சமையல் அறையே போதும்.

அரிசியைச் சூடான மணலில் போட்டு வறுத்தால் பொரி ஆகிறது. அரிசிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. வெளியே வர முண்டுகிறது. அரிசி உப்பிப் பெரிதாகிறது.

தெர்மாகோலும் ஒரு தினுசுப் பொரிதான். தொழிற்சாலைக்கு வரும் மூலப் பொருள் ஜவ்வரிசி போல இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் பெண்டேன் என்ற திரவம் கொஞ்சம் இருக்கிறது. அது நம் உடம்புச் சூட்டிலேயே கொதித்து விடும். மணிகள் மேல் நீராவியைப் பாய்ச்சுகிறார்கள். பிளாஸ்டிக் இளகுகிறது. பெண்டேன் ஆவியாகி உப்புகிறது. ஒரு மணி 40 மடங்கு, 50 மடங்கு கூடப் பெரிதாகி விடும்.

உப்பிய மணிகளைச் சில மணி நேரம் ஆற வைக்கிறார்கள். காற்று மெல்ல உள்ளே நுழைகிறது. பிறகு அச்சில் நிரப்பி, மறுபடியும் நீராவி. மணிகள் இன்னும் கொஞ்சம் உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்கின்றன. அச்சைத் திறந்தால் முழுப் பலகை தயார். இட்லித் தட்டில் மாவு வெந்து வருவது போலத்தான்!

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு ரசாயன நிபுணர் பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி. பி.ஏ.எஸ்.எப். கம்பெனியில் வேலை பார்த்தவர். 1949-ம் ஆண்டில், பாலிஷ் டப்பா ஒன்றில் இருந்த மாதிரிப் பொருளை உலர்த்தும் அடுப்பிலேயே விட்டு விட்டார். பிறகு வந்து பார்த்தால் டப்பாவை விட்டு வெள்ளை நுரை பொங்கி நின்றது. உலகத்துக்கே தெர்மாகோல் கிடைத்து விட்டது.

சின்னஞ்சிறு அறைகள்

தெர்மாகோலைச் சீவி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேன் கூடு போல அறை அறையாகத் தெரியும். ஓர் அறையின் அகலம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பாகம் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் சர்க்கரைக் கட்டி அளவுள்ள ஒரு கன சென்டி மீட்டர் துண்டில் 10 லட்சம் அறைகள் இருக்கும்! ஒவ்வோர் அறைக்கும் சுவர் உண்டு. உள்ளே காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது.

சிறைப்பட்ட காற்று நகராது. நகராத காற்று சூட்டைக் கடத்தாது. சாதாரணச் செங்கலை விட தெர்மாகோல் ஏறத்தாழ 20 மடங்கு நன்றாகச் சூட்டைத் தடுக்கும். மீன் பெட்டியில் ஐஸ் உருகாமல் இருப்பது இதனால்தான்.

மனிதன் செய்யும் முன்பே இயற்கை இதைச் செய்து விட்டது. 1665-ம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி, பாட்டில் மூடும் தக்கையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குட்டி குட்டி அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு செல் என்று பெயர் வைத்தார். இன்று உயிர் நூலில் நாம் படிக்கும் செல் என்ற சொல் அப்படிப் பிறந்ததுதான்.

நம் ஊரிலும் இதே தினுசுப் பொருள் உண்டு. அதுதான் நெட்டி. நீர்நிலையில் வளரும் செடியின் வெள்ளைத் தண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை போடுவார்கள் அல்லவா? அதேதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் லேசுக்கும் வெண்மைக்கும் காரணம், உள்ளே இருக்கும் காற்று அறைகளே.

அறையை அடக்கி ஆள்வது எப்படி?

நுரை பொங்க வைப்பது பெரிய வித்தை அல்ல. அறைகளை நாம் சொன்னபடி கேட்க வைப்பதுதான் வித்தை.

இட்லி மாவை எடுத்துக் கொள்ளுங்கள். புளிப்பு போதாவிட்டால் இட்லி கல் மாதிரி இருக்கும். அதிகம் புளித்தால் ஓட்டைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, இட்லி அமுங்கி விடும். பதம் முக்கியம். பிளாஸ்டிக் நுரைக்கும் அப்படியே.

முதல் வேலை, குமிழி எங்கே பிறக்க வேண்டும் என்று இடம் காட்டுவது. சோடா பாட்டிலைத் திறந்து பாருங்கள். கண்ணாடியில் கீறலோ தூசியோ உள்ள இடத்தில்தான் குமிழி கிளம்பும். அதனால் பிளாஸ்டிக் குழம்பில் முகப்பவுடருக்குப் பயன்படும் டால்க் தூளை ஒரு சிட்டிகை கலக்கிறார்கள். தூள் இருக்கும் இடமெல்லாம் குமிழி பிறக்கும். குமிழி நிறையப் பிறந்தால் ஒவ்வொன்றும் சிறிதாக இருக்கும்.

இரண்டாவது வேலை, குமிழி உடையாமல் பார்த்துக் கொள்வது. சூடு அதிகமானால் பிளாஸ்டிக் தண்ணீராக இளகி விடும். சுவர் உடைந்து, இரண்டு அறைகள் ஒன்றாகி விடும். சூடு குறைந்தால் அறை வளராது.

மூன்றாவது வேலை, சரியான நேரத்தில் குளிர வைப்பது. அப்போதுதான் அறை அதே வடிவத்தில் உறையும்.

கோலி சோடாவின் சூட்சுமத்தை வைத்தே ஒரு புது முறை உண்டாயிற்று. 1980-ம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் நாம் சு என்பவரிடம் கோடக் கம்பெனி வந்தது. பிளாஸ்டிக் செலவு குறைய வேண்டும். உறுதி மட்டும் குறையக் கூடாது என்றது. அவரும் மாணவர்களும் யோசித்தார்கள். பிளாஸ்டிக்குக்குள் வாயுவைப் பெரிய அழுத்தத்தில் கரைத்தார்கள். பிறகு அழுத்தத்தைச் சட்டென்று எடுத்து விட்டார்கள். ஒரே நேரத்தில் கோடிக் கணக்கான குமிழிகள் பிறந்தன! தலைமுடியின் பருமனை விடச் சிறிய குமிழிகள். அவ்வளவு சிறியதாக இருந்ததால் பிளாஸ்டிக்கின் உறுதி அதிகம் கெடவில்லை. ஒரு கன சென்டி மீட்டரில் 100 கோடி குமிழிகள் வரை உண்டாக்கலாம்.

மெத்தையும் சுவரும்

அறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவு மூடிய அறை. மற்றது, கதவு திறந்த அறை.

தெர்மாகோலில் எல்லா அறைகளும் மூடியவை. தண்ணீரில் போட்டால் மிதக்கும். குளிக்கும் ஸ்பாஞ்சில் அறைகள் திறந்தவை. தண்ணீரில் போட்டால் குடிக்கும். பிழிந்தால் விட்டு விடும்.

சோபாவிலும் மெத்தையிலும் இருப்பது பாலியூரித்தேன் என்ற நுரை. இரண்டு திரவங்களைக் கலப்பார்கள். அதில் கொஞ்சம் தண்ணீரும் சேரும். உடனே கரியமில வாயு உண்டாகி, கலவை பொங்கும். சில நிமிடங்களில் ஆள் உயரத்துக்குக் கூட எழும்பி நிற்கும்.

அறைக் கதவுகள் திறந்து கொள்ளும்படி மருந்தைச் சேர்த்தால் மெத்தை. மூடியே இருக்கும்படி சேர்த்தால் குளிர்சாதனப் பெட்டியின் சுவர். சாதி ஒன்றுதான், அறைக் கதவில்தான் வித்தியாசம்!

உயிர் காக்கும் நுரை

இப்படிப்பட்ட பொருளை ஒட்டு மொத்தமாகப் பகைவன் என்று சொல்லலாமா? கூடாது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது கெட்டியான தெர்மாகோல்தான். தலை மோதும்போது, லட்சக்கணக்கான அறைகள் ஒவ்வொன்றாக நசுங்குகின்றன. மண்டைக்கு வர வேண்டிய அடியை அவை வாங்கிக் கொள்கின்றன. நசுங்கிய அறை மறுபடி எழும்பாது. ஆகையால் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றி விட வேண்டும். இதைப் பலர் அறியவில்லை.

போலியோ சொட்டு மருந்துக்கு வருவோம். மருந்து சூடானால் கெட்டு விடும். கரண்டு இல்லாத குக்கிராமத்துக்கும் அதைச் சுமந்து சென்றது எது? ஐஸ் கட்டிகள் வைத்த சிறிய பெட்டி. அதன் சுவருக்குள் இருப்பது நுரை. 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் நம் நாடு போலியோ ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அந்த வெற்றியில் நுரைப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

நுரையால் நம் மாநிலத்தில் வேலையும் கிடைக்கிறது. செய்யாறு, பெரம்பலூர் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஷூ, செருப்பு தயாராகிறது. கால் வலிக்காமல் இருக்க அடியில் வைப்பதும் ஒரு வகை நுரைதான்.

வைகை அணையில் நடந்தது

ஆனால் லேசாக இருப்பது எல்லா இடத்திலும் உதவுமா? நம் மாநிலமே பார்த்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும்.

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கடும் வறட்சி. வைகை அணையில் மிச்சம் இருந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகி வந்தது. அதைத் தடுக்க, அப்போதைய கூட்டுறவு மந்திரி செல்லூர் ராஜு முன்னிலையில், தெர்மாகோல் அட்டைகளை ஒட்டித் தண்ணீர் மேல் மிதக்க விட்டார்கள். சிறிது நேரத்தில் காற்று வீசியது. அட்டைகள் கரைக்கு வந்து ஒதுங்கி விட்டன. ஊர் முழுவதும் சிரித்தது.

சிரித்ததோடு நின்று விட்டால் பாடம் கிடைக்காது. தண்ணீரை மூடினால் ஆவியாவது குறையும் என்பது உண்மை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015-ம் ஆண்டில் தன் ஏரி ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்க விட்டது. அவற்றைக் காற்று அடித்துப் போகவில்லை. ஏன்? ஒவ்வொரு பந்துக்குள்ளும் தண்ணீர் வைத்து எடை கூட்டி இருந்தார்கள்.

யோசனை ஒன்றேதான். பொருள்தான் வேறு. 98 பங்கு காற்றாக இருக்கும் பொருளைக் காற்று வீசும் இடத்தில் வைத்தால், அது காற்றோடுதான் போகும்! ஒரு பொருளின் உள் அமைப்பைத் தெரிந்துகொண்டு காரியத்தில் இறங்க வேண்டும் என்பதே வைகை சொல்லும் பாடம்.

ஐந்து நிமிடத் தட்டு

இனி தடைக்கு வருவோம்.

தமிழ்நாடு சர்க்கார் 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் உத்தரவு போட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. அந்தப் பட்டியலில் தெர்மாகோல் தட்டும், தெர்மாகோல் கோப்பையும் உண்டு. மத்திய சர்க்காரும் 2022 ஜூலை 1-ந் தேதி முதல் சில பிளாஸ்டிக் சாமான்களைத் தடுத்தது. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மாகோல் அதில் அடக்கம்.

இந்தத் தடை நியாயமா? நியாயம்தான்.

ஒரு தட்டில் நாம் சாப்பிடும் நேரம் ஐந்து, பத்து நிமிடம். தட்டு பூமியில் கிடக்கும் காலமோ பல தலைமுறை. அது மக்காது. வெயிலில் நொறுங்கி மணி மணியாக உதிரும். அதை மீனும் பறவையும் இரை என்று விழுங்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் இடம் என்று அங்கீகாரம் பெற்றது. அதன் தண்ணீரும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் வருகிறது. வழியெல்லாம் தெர்மாகோல் மணி மிதக்கலாமா?

உடம்புக்கும் நல்லது அல்ல. பாலிஸ்டைரீன் கொதி நீரின் சூட்டை நெருங்கினாலே இளகத் தொடங்கும். எண்ணெயில் இருந்து எடுத்த பஜ்ஜியை அதில் வைத்தால் தட்டு குழிந்து விடும். அதன் மூலப் பொருளான ஸ்டைரீன் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2018-ம் ஆண்டில் வகைப்படுத்தியது.

வாழை இலையும், பாக்கு மட்டைத் தட்டும், மந்தாரை இலைத் தொன்னையும் இருக்கும் நாட்டில், சூடான சோற்றை இதில் போட வேண்டிய அவசியமே இல்லை.

பட்டியலில் இல்லாத தெர்மாகோல்

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டுக்கும் கோப்பைக்கும் தடை இருக்கிறது. டெலிவிஷன் பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் அந்த 14-ல் ஒன்று அல்ல. சிறுசேரி பக்கத்து வீடுகளில் குவிவது இந்தத் தெர்மாகோல்தான்.

இதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரி மாதம் மத்திய சர்க்கார் ஒரு விதி வெளியிட்டது. பிளாஸ்டிக் பாக்கிங்கைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், தன் பெயர் போட்டு விற்பவர் ஆகியோரே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்பது அந்த விதி.

விதி நல்ல விதி. நடைமுறையில்தான் தகராறு. பொறுப்பை எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள். எடையில் கணக்கு முடித்தால் தெர்மாகோல் யார் கண்ணிலும் படாது. அது எடையில் கொசு. இடத்தை அடைப்பதில் யானை! ஒரு கிலோ பாட்டிலைச் சேகரிப்பது சுலபம். ஒரு கிலோ தெர்மாகோல் ஒரு கோணி நிறைய வரும்.

வழி இருக்கிறது. தெர்மாகோலை நொறுக்கி, அழுத்தி, கட்டியாக்கும் இயந்திரங்கள் உலகத்தில் ஓடிக் கொண்டிருக்கின்றன. காற்றை வெளியேற்றி விட்டால், 40 லாரி சரக்கு ஒரே லாரியில் அடங்கி விடும். அந்தக் கட்டியை உருக்கிப் படச் சட்டம், அளவு கோல் போன்றவை செய்யலாம். காற்று போன தெர்மாகோலுக்கு விலை உண்டு!

ஆகவே இயந்திரம் தெர்மாகோல் இருக்கும் இடத்துக்கு அருகே வர வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும், பழைய மகாபலிபுரம் ரோட்டை ஒட்டிய ஊராட்சிகளும் தத்தம் பகுதியில் ஓர் இயந்திரம் வைத்தால் போதும். செலவில் பங்கு தர, மேலே சொன்ன விதியே கம்பெனிகளைக் கேட்கலாம். சாமானை வீட்டில் இறக்கும் வண்டி காலியாகத்தானே திரும்புகிறது? அதே வண்டியில் தெர்மாகோலும் திரும்பிப் போகலாம்.

முடியுமா?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. அதுவும் இதே நுரைத் தொழிலில்!

முன்பு நுரை பொங்க வைக்க குளோரோ புளோரோ கார்பன் என்ற வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். மணம் இல்லை. தீப்பிடிக்காது. நல்ல பிள்ளை என்று எல்லோரும் நினைத்தார்கள். 1974-ம் ஆண்டில் மோலினா, ரோலண்ட் என்ற 2 விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். இந்த வாயு வானத்துக்குப் போய், சூரியனின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்றார்கள்.

கம்பெனிகள் முதலில் ஒப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் 1987-ம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1992-ம் ஆண்டில் சேர்ந்தது. பிறகு அதற்குப் பதிலாக வந்த இன்னொரு வாயுவையும், நுரைத் தொழிலில் 2020 ஜனவரி 1-ந் தேதியோடு நம் நாடு நிறுத்தியது. இப்போது ஓசோன் படலம் மெல்ல ஆறி வருகிறது. அதற்காகக் குளிர்சாதனப் பெட்டி விற்பது நின்று விட்டதா? இல்லை. அறைக்குள் இருக்கும் வாயுவை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

காளானின் வேர் போன்ற இழைகளைக் கொண்டு, வைக்கோல் தூளை இறுக்கிப் பாக்கிங் செய்யும் முறையும் அமெரிக்காவில் வந்து விட்டது. வேலை முடிந்ததும் தோட்டத்தில் புதைத்தால் மக்கி விடும். வைக்கோலும் உமியும் நம்மிடம் குறைவா?

வீட்டில் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக் கொண்டு இருக்க வேண்டாம்.

1. தெர்மாகோலை ஒருபோதும் எரிக்காதீர்கள். அந்தப் புகையில் நச்சு வாயு இருக்கிறது. மெத்தை, சோபா நுரையை எரிப்பது இன்னும் ஆபத்து. அதில் சயனைடு வாயு கூட உண்டாகும்.

2. சூடான உணவைத் தெர்மாகோலில் கொடுத்தால் வாங்காதீர்கள். பாத்திரம் கொண்டு போங்கள்.

3. சாமான் வாங்கும்போதே, பெட்டியையும் தெர்மாகோலையும் திரும்ப எடுத்துக் கொள்வீர்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். 10 பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். 100 பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும்.

4. அடுக்குமாடி வீட்டுச் சங்கங்கள் தெர்மாகோலை நனையாமல், உடையாமல் ஓர் அறையில் சேர்த்து வைக்கலாம். உடைந்து மணியானால் பொறுக்கவே முடியாது. வண்டி நிறையச் சேர்ந்தால் எடுத்துப் போக ஆள் கிடைப்பது சுலபம்.

5. சுத்தமான துண்டுகள் வீட்டிலேயே உதவும். ஐஸ் வைக்க, மாடியில் தண்ணீர்த் தொட்டியை வெயிலில் இருந்து காக்க, பொம்மைக் கொலுவுக்கு அடுத்த ஆண்டும் அதே படியை வைக்க என்று பல வழி உண்டு.

தீர்ப்பு என்ன?

நண்பனா, பகைவனா? பொருள் ஒன்றுதான். அதற்கு நாம் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது பதில்.

20 ஆண்டு உழைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் சுவரில் நுரை இருந்தால் நண்பன். உயிர் காக்கும் ஹெல்மெட்டில் இருந்தால் நண்பன். ஐந்து நிமிடத் தட்டில் இருந்தால் பகைவன். ஒரு மாதம் லாரியில் பயணம் செய்து, ஒரு நொடியில் குப்பையாகும் பாக்கிங்காக இருந்தால், திரும்பப் போக வழி இருக்கும் வரைதான் நண்பன். வழி இல்லாவிட்டால் பகைவன்.

கண்ணுக்குத் தெரியாத அறைக்குள் காற்றைக் கட்டிப் போட விஞ்ஞானிகள் கற்று விட்டார்கள். அறையின் அளவு, கதவு, சுவர் எல்லாவற்றையும் தங்கள் இஷ்டப்படி அமைக்கிறார்கள். அது கஷ்டமான வேலை. வேலை முடிந்த தெர்மாகோலை ஒரு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்புவது அதை விடச் சுலபமான வேலை. அதைச் செய்ய வேண்டியவர்கள் விற்பவரும், வாங்குபவரும், ஊராட்சியும்தான். வடகிழக்குப் பருவ மழை ஆண்டுதோறும் ஐப்பசியில் வந்து விடுகிறது. அதற்கு முன் காலி மனைகளில் கிடப்பதையாவது பொறுக்கி எடுத்து விட வேண்டும்.